பங்குனி வாரத்து வானிலையும் நமது ஊராட்சியும்

(கீரனூர் வட்டாரத்தில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வானம் பார்த்த பூமியில் பிறந்து வளர்ந்த உங்களிடம் வானிலையைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். தட்டான் தாழப் பறப்பதையும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதையும், அந்தியில் ஈசல் கிளம்புவதையும் கண்டு மழைக்குறி சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்த அறிவைக் குறைத்துச் சொல்ல நாம் இங்கு வரவில்லை. அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய மற்றோர் அறிவு இன்று நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. அதனை எப்படிப் படிப்பது, படித்தபின் எப்படி நடப்பது என்பதே இன்றைய பேச்சு.

1945ஆம் ஆண்டு முதலே உழவர்களுக்கென்று தனியாக வானிலைச் செய்தி வானொலியில் ஒலிபரப்பாகி வந்தது. பின்னர் 2008ஆம் ஆண்டில் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிவுரைகள் வரத் தொடங்கின. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவை வெளியாகின்றன. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், மைய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் இந்திய வானிலைத் துறையும் சேர்ந்து, ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் தனித்தனியாக ஐந்து நாள் முன்னறிவிப்புத் தரும் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தன. வெப்பம், மழை, மேகம், காற்றின் திசை, காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகியவை அதில் அடங்கும். ஒரு காலத்தில் சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் மட்டுமே சொல்லப்பட்ட செய்தி, இன்று நம் சிற்றூரின் பெயரிலேயே கைப்பேசியில் கிடைக்கிறது.

ஆயினும், "மழை என்றார்கள், வரவில்லை, வராது என்றார்கள், கொட்டித் தீர்த்தது" என்னும் குறை ஊர்தோறும் கேட்கிறது. இக்குறையில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பெரும்பகுதி, அறிக்கையின் சொற்களுக்கு உரிய பொருளை நாம் அறிந்துகொள்ளாததால் விளைவது. அதனை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம்.

நமது சீமையின் இயல்பு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் மழைக்காலத்தில் ஓடி, கோடையில் மணலாய்க் கிடப்பவை. காவிரி நீர் கல்லணைக் கால்வாய் வழியாகக் கிழக்குப் பகுதியின் சில ஊர்களுக்கு மட்டுமே எட்டுகிறது. குளத்தூர், இலுப்பூர், திருமயம் வட்டங்களில் உள்ள நமக்கு மழையே ஆறு, கண்மாயே அணை. மாவட்டம் முழுவதும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்களையும் குளங்களையும் நம் முன்னோர் வெட்டி வைத்ததும், அவற்றில் கருங்கல் குமிழிகளை நாட்டி வைத்ததும் இக்காரணம் பற்றியே.

ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெறும் சீமை இது. அதில் பெரும்பங்கு ஆடி முதல் மார்கழி வரையிலான காலத்தில் பெய்துவிடுகிறது. தமிழ்நாடு முழுவதற்கும் சராசரி பார்த்தால், மார்ச்சு முதல் மே வரையிலான மூன்று மாதங்களில் பெய்வது 125 மில்லிமீட்டர் அளவே. அதிலும் மார்ச்சு மாதத்தின் பங்கு மிகச் சிறிது. பனி விலகி வெயில் ஏறும் பங்குனி மாதத்தில் கண்மாயை நிரப்பும் மழையை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அப்படியானால் இவ்வாரத்து வானிலையைப் பற்றிக் கவலைகொள்வது எதற்கு என்று கேட்கலாம். பங்குனி மழை சிறிது. ஆனால் அது வந்து விழும் நேரம் பெரிது. சம்பா நெல் அறுத்துக் களத்திலும், கொள்முதல் நிலையத்து முற்றத்திலும் மூட்டையாகக் கிடக்கும் நேரம் அது. மார்கழியில் விதைத்த நிலக்கடலையைப் பிடுங்கிக் காய் ஆயும் நேரம். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரியும், ஆலங்குடி, வடகாடு பக்கம் மாவும் பலாவும் காய்த்து நிற்கும் நேரம். எள் விதைத்து முளைவிட்டிருக்கும் நேரம். ஒரு மணி நேரத்து மழை ஓர் ஆண்டு உழைப்பைக் கெடுப்பதும், அதே மழை பக்கத்து வயலில் கோடை உழவுக்கு ஈரம் கொடுப்பதும் இக்காலத்திலேதான்.

கோடை இடி பிறக்கும் விதம்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்து, நமது மாவட்டத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுச் சென்றதை நாம் மறக்கவில்லை. அப்புயல் வங்கக் கடலில் இருந்தபோதே செயற்கைக்கோள் அதனைக் கண்டது. அது வருவதைப் பல நாள்களுக்கு முன்பே அறிவிக்க முடிந்தது. பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்ட புயல், தொலைவில் வரும் தேரைப் போன்றது. தேர் திரும்பும் தெருவை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கோடை இடிமுகில் அப்படிப்பட்டது அன்று. அது வெளியிலிருந்து வருவதில்லை. நம் ஊரிலேயே நண்பகலில் பிறந்து அந்தியில் மடிந்துவிடுகிறது. காலை முதல் வெயில் செம்மண் தரையையும் பாறைகளையும் சுடவைக்கிறது. சூடேறிய காற்று மேலே எழுகிறது. அதே வேளையில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று தென்கிழக்காக உள்நாட்டுக்குள் நுழைகிறது. கடற்கரையிலுள்ள மணமேல்குடிப் பக்கம் பிற்பகலிலேயே உணரப்படும் அக்காற்று, உள்நாட்டிலுள்ள கீரனூரை எட்டப் பொழுது சாயும். ஈரமும் சூடும் ஓரிடத்தில் கலந்து எழும்போது, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலாகக் கருமுகில் கோபுரம் எழும்பிவிடுகிறது. "உள் கர்நாடகத்திலிருந்து குமரிக் கடல் வரை காற்றின் திசை மாறுபடும் பகுதி நிலவுகிறது" என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இப்படிப்பட்ட இடிமுகில்கள் எழுவதற்கு இடம் கொடுக்கும் நாள் என்பதற்கு அடையாளம்.

அம்முகிலின் அகலம் சில கிலோமீட்டர்தான். அதன் ஆயுள் ஒரு மணி நேரம் அல்லது சற்று மிகுதி. ஆகவே, கீரனூரில் வாய்க்கால் நிறைய ஓடும் மழை, உடையாளிப்பட்டியில் ஒரு துளியும் இல்லாமற் போகலாம். நமது பகுதியில் கீரனூர், உடையாளிப்பட்டி, குடுமியான்மலை, அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை ஆகிய இடங்களில் அரசின் மழைமானிகள் உள்ளன. கோடைமழை பெய்த மறுநாள் வெளிவரும் மழை அளவுப் பட்டியலைப் பார்ப்பீர்களானால், ஓர் ஊருக்கு எதிரே பெரிய எண்ணும் அடுத்த ஊருக்கு எதிரே சுழியும் இருப்பதைக் காண்பீர்கள். ஐப்பசி அடைமழையில் இவ்வளவு வேற்றுமை இருப்பதில்லை.

கணிப்பொறி கொண்டு வானிலையைக் கணிப்பவர்கள், நாட்டைச் சதுரங்கப் பலகையைப் போலக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றனர். முன்பு ஒரு கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டராக இருந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் தொடங்கப்பெற்ற பாரத் முன்னறிவிப்பு முறையில் அது 6 கிலோமீட்டராகச் சுருங்கியது. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும், ஓர் ஊராட்சியின் ஒரு குக்கிராமத்தில் பெய்து மறு குக்கிராமத்தில் பெய்யாத மழையை, ஐந்து நாளுக்கு முன்பே இடம் குறித்துச் சொல்லும் வல்லமை இன்னும் எவருக்கும் கைகூடவில்லை.

சொல்லும் பொருளும்

அறிக்கையில் வரும் சொற்கள் ஏதோ நடைக்காகப் போடப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த அளவு உண்டு. "ஓரிரு இடங்களில் மழை" என்றால், ஒரு பகுதியிலுள்ள மழைமானிகளில் நான்கில் ஒரு பங்கு வரையில்தான் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் கால் பங்குக்கு மேல் பாதி வரை. "பல இடங்களில்" என்றால் பாதிக்கு மேல் முக்கால் பங்கு வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கும் மேல்.

இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். "புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று அறிவிப்பு வந்து, நான்கு ஊர்களில் ஓர் ஊருக்கு மட்டும் மழை பெய்தால், அந்த அறிவிப்பு முழுதும் பலித்துவிட்டது. ஆனால் மற்ற மூன்று ஊராரும் "பொய்த்தது" என்று சொல்வார்கள். மெய்யான அறிவிப்புக்கே நால்வரில் மூவர் குறை சொல்லும் நிலை இது.

மழையின் அளவுக்கும் இவ்வாறே வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் அந்நாள் மழை நாள் என்று கணக்கில் ஏறும். 15.5 வரை லேசான மழை; அதற்கு மேல் 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை. அதற்கும் மேல் 204.4 வரை மிகக் கனமழை. அதனையும் தாண்டினால் அதி கனமழை. காலை 8.30 மணிக்கு அளவெடுத்து, முந்திய 24 மணி நேரத்து மழை என்று எழுதுவர். "மிதமான மழை" என்ற சொல்லைக் கேட்டு எளிதாக எண்ணிவிடக் கூடாது. 50 மில்லிமீட்டர் மழை மிதமான மழைதான். ஆனால் களத்தில் காயும் கடலைக்கு அது பேரிடி.

வண்ணங்களையும் நினைவில் வைக்க வேண்டும். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் உடனே செயற்படு.

ஒரு வாரத்து அறிக்கையைப் படிப்போம்

இனி, பங்குனி மாதத்தில் நமது ஊராட்சிக்கு இப்படியோர் ஐந்து நாள் அறிக்கை வருவதாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டது. பகல் வெப்பம் 36 முதல் 38 டிகிரி. இரவு வெப்பம் 24 முதல் 25 டிகிரி. காலை ஈரப்பதம் 85 விழுக்காடு, பிற்பகல் 40. தென்கிழக்குக் காற்று மணிக்கு 10 கிலோமீட்டர். மழை முதல் இரு நாளும் இல்லை, மூன்றாம் நாள் 2 மில்லிமீட்டர், நான்காம் நாள் 12, ஐந்தாம் நாள் இல்லை. நான்காம் நாள் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். இந்த 38 டிகிரி, நிழலில், ஆள் மார்பளவு உயரத்தில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளந்த வெப்பம். வெயிலில் குனிந்து களை எடுப்பவரின் முதுகும், தார்ச்சாலையும், ஓட்டுக் கொட்டகையில் நிற்கும் மாடும் உணரும் சூடு அதனினும் மிகுதி. ஆகவே வேலையை விடியற்காலையில் தொடங்கி 11 மணிக்குள் முடித்துக்கொள்வதும், மீதியை மாலையில் வைத்துக்கொள்வதும் அறிவுடைமை. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, அந்நாளுக்குரிய சராசரியை விட 4.5 டிகிரிக்குக் குறையாமல் கூடியிருந்தால் அதனை வெப்ப அலை என்பர். இந்த எடுத்துக்காட்டு வாரத்தில் அது இல்லை. சித்திரை, வைகாசியில் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது ஈரப்பதம். காலையில் 85 என்பது பனி இறங்குவதைக் காட்டுகிறது. நெல் தரிசில் நிற்கும் உளுந்தின் இலையில் சாம்பல் பூத்தாற்போல நோய் தோன்றுகிறதா என்று விடியலில் சென்று பார்க்க வேண்டிய வாரம் இது. உளுந்தைப் பற்றி ஐயம் உள்ளவர்கள் வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை. வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் நமது மாவட்டத்திலேயே உள்ளன. காற்று 10 கிலோமீட்டர் என்பதால் முதல் இரு நாளும் காலையில் மருந்து தெளிக்கலாம். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் தெளித்தால், மழை அதனைக் கழுவிக்கொண்டு போய்விடும். பணமும் மருந்தும் பாழ்.

இனி மழை. மூன்றாம் நாளின் 2 மில்லிமீட்டரை நம்பி எவரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினும், கோடை நாளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரே நாளில் 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகிவிடுகிறது. 2 மில்லிமீட்டர் மழை மண்ணின் மேற்பூச்சை நனைத்து, மறுநாள் காலைக்குள் மறைந்துவிடும்.

நான்காம் நாள் 12 மில்லிமீட்டர் என்று இருக்கிறதே, இதனைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். அது ஊருக்கெல்லாம் சமமாக 12 மில்லிமீட்டர் பெய்யும் என்று சொல்லவில்லை. பெய்கிற ஊரில் 30, 40 பெய்யலாம். பெய்யாத ஊரில் புழுதி மட்டும் பறக்கலாம். அறிக்கையின் முதல் இரண்டு நாள் செயலுக்கு உரியவை. கடைசி இரண்டு நாள் திட்டத்துக்கு உரியவை. இன்று நான்காம் நாளாக இருப்பது, நாளை மறுநாள் இரண்டாம் நாளாகிவிடும். அப்போது வரும் புதிய அறிக்கையை மறுபடியும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு முறை படித்துவிட்டு வாரம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது தவறு.

காப்பதற்கு நம்பு, கைவிடுவதற்கு நம்பாதே

நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ள மழைக்கு என்ன செய்வது? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பிடுங்கிய கடலையைக் களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவதற்கு ஆள் கூலியும் வாடகையும் சேர்த்து 500 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். மூடாமல் விட்டு மழை பெய்தால் 8,000 ரூபாய் நட்டம் என்று கொள்வோம். நான்கு முறை எச்சரிக்கை வந்து நான்கு முறையும் மூடினால் செலவு 2,000 ரூபாய். மூன்று முறை மழை வரவில்லை. ஒரு முறை வந்தது. அந்த ஒரு முறையில் 8,000 ரூபாய் தப்பிற்று. மூன்று முறை வீணாக மூடினோமே என்று வருந்துவோர், நான்காம் முறை தப்பியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? மழையில் நனைந்த கடலை கறுத்துப் போவது மட்டுமன்று. கொத்து வகைக் கடலை உறங்குகாலம் இல்லாதது. ஈரம் பட்டால் காயிலேயே முளைவிட்டுவிடும். பூஞ்சணம் பிடித்தால் உண்பவர்க்கே நஞ்சாகும். கொள்முதல் நிலையத்து நெல்லுக்கும் இதே நியாயம். 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் ஏறிவிட்ட நெல்லைக் காயவைக்கும் துன்பம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே அறிக்கையை வாழைக்கோ கரும்புக்கோ நீர் பாய்ச்ச இருப்பவர் எப்படிப் படிக்க வேண்டும்? "மழை வரும் என்கிறார்களே, நீர் பாய்ச்சாமல் விடுவோம்" என்று அவர் இருந்துவிட்டால், நான்கில் மூன்று முறை அவர் பயிர் வாடும். அவருக்கு இந்த அறிக்கை, "உன் வேலையை நீ செய்" என்றே சொல்கிறது. "பெரும்பாலான இடங்களில் மிதமான மழை" என்று வந்தால் மட்டும் அவர் ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம்.

ஒரே அறிக்கை, ஒருவருக்கு "செய்" என்றும் மற்றொருவருக்கு "பொறு" என்றும் சொல்கிறது. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான். விளைந்த பொருளைக் காப்பதற்குச் சிறிய வாய்ப்பையும் நம்புக. செய்ய வேண்டிய வேலையைக் கைவிடுவதற்குச் சிறிய வாய்ப்பை நம்பற்க.

கோடை உழவுக்கும் இவ்விதி பொருந்தும். வானம் கறுத்ததும் ஏரைப் பூட்ட வேண்டியதில்லை. பெய்தபின் மண்ணைத் தோண்டிப் பார்த்து, ஓர் உழவுக்கு ஈரம் இறங்கியிருந்தால் அன்றோ மறுநாளோ உழுதுவிட வேண்டும். சரிவுக்குக் குறுக்காக உழுதால் அடுத்த மழை ஓடாது உள்ளிறங்கும். மண்ணுக்குள் உறங்கும் கூட்டுப்புழுக்களும் வெயிலிலும் பறவை வாயிலும் அழியும். மானாவாரிக் கடலைக்குப் பகையான சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகள் நல்ல மழை பெய்தபின் மண்ணிலிருந்து வெளிப்படுவன. கோடை உழவில் ஒரு பங்கைக் கூட்டிலேயே ஒழித்துவிடலாம்.

மின்னலோடு கணக்குப் பார்க்கலாகாது

பொருளுக்கு நட்டக் கணக்குப் பார்க்கலாம். உயிருக்குப் பார்க்க இயலாது. நமது நாட்டில் இயற்கைச் சீற்றங்களால் மாண்டவர்களுள் மின்னலுக்கு இரையானவர் தொகையே ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் வயலில் வேலை செய்வோரும், ஆடு மாடு மேய்ப்போரும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியோருமே ஆவர். புதுக்கோட்டைச் சீமை வெட்டவெளியான சீமை. பொட்டலில் நிற்கும் ஒற்றைப் பனையும், கண்மாய்க் கரையில் நிற்கும் புளியமரமும் மின்னலை வரவேற்கும் கம்பங்கள் என்று கருதுக.

மின்னல் தெரிந்த நொடியிலிருந்து இடி கேட்கும் நொடி வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே வெளியில் வரவேண்டும். மரத்தடியும், வயல் நடுவே நாற்கால் நட்ட கொட்டகையும், மின்கம்பத்தின் அடியும், கண்மாய் நீரும், இரும்பு வேலியும் ஆகா. கட்டடம் எட்டாத இடத்தில் அகப்பட்டுக்கொண்டவர், மேட்டை விட்டிறங்கி, ஒருவரைவிட்டு ஒருவர் விலகி, கால்களைச் சேர்த்துக் குந்தியிருக்க வேண்டும். தரையில் படுத்துவிடக் கூடாது. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிராது. அவரைத் தொட அஞ்சவேண்டாம். மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டிக்கொண்டே 108க்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஐந்து நாள் அறிக்கை இடம் குறித்துச் சொல்லாத இடிமுகிலை, காரைக்காலில் உள்ள ரேடார் பிறந்தவுடனே கண்டுவிடுகிறது. அதனைக் கொண்டு அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கை மாவட்ட வாரியாக வெளியாகிறது. தாமினி என்னும் கைப்பேசிச் செயலி அருகில் விழும் மின்னலை அறிவிக்கிறது. நமது மாநில அரசின் டி.என். அலர்ட் செயலியும் உழவன் செயலியும் தமிழிலேயே செய்தி தருகின்றன. நண்பகலுக்குப் பிறகு இவற்றைப் பார்ப்பவர் ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும்.

ஊராட்சியின் கடமை

இங்குதான் ஊராட்சியின் பொறுப்பு வருகிறது. கைப்பேசி வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் மேட்டுக்காட்டில் ஆடு மேய்க்கும் மூதாட்டியின் மடியிலும், கடலை ஆயும் பெண்களின் கையிலும் அச்செய்தி அந்த வேளையில் இருப்பதில்லை. செய்தி வந்தும் உரியவரைச் சேராதது, கண்மாயில் நீர் இருந்தும் கடைமடைக்கு எட்டாததற்கு ஒப்பாகும். ஆகவே மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, செய்தியைப் படித்துச் சொல்வது. சித்திரை முதல் நாளன்று கோயிலில் பஞ்சாங்கம் படிக்கக் கேட்பது நமது வழக்கம். ஆண்டுக்கு ஒரு முறை ஊர் கூடிக் கேட்பதைப் போல, செவ்வாயும் வெள்ளியும் வானிலை அறிவுரையைப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையில் பால் ஊற்ற வரும் வேளையில் படித்துச் சொல்லலாம். நியாயவிலைக் கடைச் சுவரிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதி வைக்கலாம். இடி எச்சரிக்கை வந்தால் கோயில் ஒலிபெருக்கியில் இரண்டே வரி சொன்னால் போதும். இதற்குப் படித்த இளைஞர் ஒருவரும், மகளிர் குழுவிலிருந்து ஒருவரும் பொறுப்பேற்றால் செலவு ஏதும் இல்லை. ஊராட்சி வேலைத்தளங்களில் நண்பகலுக்குப் பின் ஆள்களைத் திறந்த வெளியில் நிறுத்துவதா என்பதையும் இச்செய்தியைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, மழையை அளப்பது. பள்ளிக்கூட வெளியில் ஒரு மழைமானி வைக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகரக் குவளையும் அளவுகோலுமே தொடக்கத்துக்குப் போதும். மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவில் அதனை வைத்து, காலை 8.30 மணிக்கு அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். பெய்யாத நாளுக்குச் சுழி போட வேண்டும், அதுவும் கணக்கே. பக்கத்தில் அன்றைய முன்னறிவிப்பையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று கோடைகள் கழிந்தபின், "மழை என்றார்கள், வரவில்லை" என்று பொதுப்படச் சொல்ல மாட்டோம். இத்தனை முறை சொல்லி இத்தனை முறை நம் ஊரில் பெய்தது என்று எண்ணிச் சொல்வோம். நான்கில் ஒன்று என்று இன்று நாம் பொதுவாகக் கொண்ட கணக்கு, நம் ஊருக்கே உரிய கணக்காக மாறும்.

மூன்றாவது, நீர் வரும் வழியைத் திறந்து வைப்பது. பங்குனியில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது கரையைப் பார்ப்பதும், மடையையும் கலிங்கையும் செப்பனிடுவதும், வரத்து வாய்க்காலில் வளர்ந்த முட்செடியை வெட்டுவதும் நம் முன்னோர் கையாண்ட குடிமராமத்து முறை. அறிக்கையில் மழையில்லாத நாள்களைத் தேர்ந்து அவ்வேலையை முடித்துவிட்டால், சித்திரை, வைகாசியில் ஒரு கனமழை விழும்போது அது தெருவில் ஓடாமல் கண்மாய்க்குள் இறங்கும்.

மார்ச்சு 22ஆம் நாள் உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களுள் அதுவும் ஒன்று. அதற்கு மறுநாளாகிய மார்ச்சு 23, உலக வானிலை நாள். 1950ஆம் ஆண்டு அந்நாளில்தான் உலக வானிலை அமைப்பின் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. நீரும் வானிலையும் அடுத்தடுத்த நாளில் அமைந்திருப்பது நமக்கு வசதியாயிற்று. பங்குனி மாதத்துக் கிராம சபையில், அறிக்கையைப் படித்துச் சொல்பவர் யார், மழைமானி வைக்கும் இடம் எது, முதலில் திறக்க வேண்டிய வாய்க்கால் எது என்னும் மூன்று கேள்விகளுக்கு ஊர் கூடி விடை கண்டுவிட்டால், அந்த ஆண்டுக் கோடையை நாம் ஆயத்தத்தோடு எதிர்கொண்டவர்கள் ஆவோம்.

வானத்தை நம் விருப்பத்துக்கு வளைக்க எவராலும் ஆகாது. ஆனால் நாளை மறுநாள் பிற்பகல் களத்தில் நெல் கிடக்க வேண்டுமா, மேட்டுக்காட்டில் ஆட்கள் நிற்க வேண்டுமா என்பதை நம்மால் தீர்மானிக்க முடியும். அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய செய்தி வாரந்தோறும் வருகிறது. அதனை முறையாகப் படிப்போம். படித்ததை ஊர் முழுவதும் கேட்கச் சொல்வோம். நமது பகுதியின் ஒவ்வோர் ஊராட்சியும் இந்தப் பங்குனியிலேயே இதனைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.